நரம்பை வழியாகக் காசி

1937 டிசம்பர் 9, வியாழன்

அம்சவள்ளிக்கு மறுபடி இளைப்பு. மார்கழி இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் பனி வந்து அவள் நெஞ்சில் குடியேறிவிட்டது. காலையில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பிரெஞ்சுக்காரர். குழலை வைத்துக் கேட்டுவிட்டு, வயல் ஈரம் இந்த அம்மாளுக்கு ஆகாது, மாசி வரைக்கும் கடலோரம் போய் இருங்கள் என்றார். அவர்கள் நாட்டில் வேலையிலிருந்து ஓய்ந்த கிழவனும் கிழவியும் குளிர்காலத்தில் தென்கடலோரம் போய் வெயில் காய்வது வழக்கமாம். எனக்குத் தெரியும். நான் படித்த நாவல்களில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். போனவர்களில் பாதிப் பேர் அங்கேயே செத்தும் போகிறார்கள். இதை மட்டும் அம்சவள்ளிக்கு மொழிபெயர்க்கவில்லை.

"கடலுக்குப் போயி இன்னா பண்றது?" என்றாள்.

"ஒன்றும் பண்ண வேண்டாம். சும்மா இருக்க வேண்டியது."

"சும்மா இருக்கறதுக்கு இந்த வூடு போதாதா?"

டிசம்பர் 11, சனி

வண்டிக்காரப் பக்கிரியிடம் பேசிவிட்டேன். பாகூர்ப் பக்கம் நரம்பையில் அவனுக்குத் தெரிந்த மீனவருடைய குடிசை ஒன்று காலியாக இருக்கிறதாம். வாரத்துக்கு ஒரு தடவை அரிசி, காய் கொண்டுவந்து போடுவான்.

மாலையில் எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை வந்தார். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பானையைக் கழுவுகிறார்கள் என்பது வரை தெரிந்து வைத்திருப்பவர்.

"மூட்ட கட்றீங்களாமே. யாத்திரையா மாமா?"

அறுபது வயதில் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு காற்று வாங்கப் போகிறேன், அதுவும் மீன் காயும் குப்பத்துக்கு, என்று சொன்னால் இந்த ஊருக்கு அடுத்த தலைமுறை வரை பேச விஷயம் கிடைத்துவிடும். "அப்படித்தான்" என்றேன்.

"வடக்கயா, தெற்கயா?"

இவர்களுக்கு யாத்திரைக்கு இரண்டு திசைதான். தெற்கு என்றால் ராமேஸ்வரம். வடக்கு என்றால் காசி. கடலோ கிழக்கே இருக்கிறது. நான் திசை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் தீர்மானித்துவிட்டார்: "காசிதானே? வேல ஓஞ்சும் மாசாமாசம் சர்க்காருகிட்ட ரெத்ரேத் பணம் வாங்கறவரு, உங்களுக்கு இன்னா கொறைச்சலு."

மறுக்கவில்லை. முப்பது வருஷம் வில்லியனூர் கோர்ட்டில் உட்கார்ந்து ஊரார் பொய்களை அழகான கையெழுத்தில் பிரதி எடுத்தவன் நான். சொந்தமாக ஒன்றுகூடச் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை, அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 14, செவ்வாய்

நாளைக் காலை பயணம். ஊரே கூடி இன்று வழியனுப்பிவிட்டது. மேளம், மாலை, கோயிலைச் சுற்றி ஒரு வலம். பாதி வீடுகளுக்குக் கங்கைச் சொம்பு வேண்டும். மீதி வீடுகளுக்குக் காசிக் கயிறு. அம்சவள்ளி கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை. என்ன அடக்கம் என்று பெண்கள் புகழ்ந்தார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு வேலம்மாள் வந்தாள். பின்தெருவில் இருக்கும் விதவை. அவளுடைய ஒரே மகன் இருசப்பன் போன வருஷம் ஐப்பசியில் ஜுரத்தில் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவன் தவழ்ந்ததும் நடந்ததும் பாதி எங்கள் கூடத்தில்தான். வேலம்மாள் கையில் ஒரு சின்ன மண் கலயம், வாயில் மஞ்சள் துணி கட்டி. சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று ஒரு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டிருந்தாளாம்.

"அண்ணி, இத்த கங்கையில உட்டுடுங்க. நான் எந்தக் காலத்துல அங்க போவப் போறேன்" என்று அம்சவள்ளி கையில் கொடுத்தாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசலில் மேளக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். திறக்கவில்லை.

டிசம்பர் 15, புதன்

நரம்பை. வில்லியனூர் ஸ்டேஷன் பக்கம் போவது போலப் போய், பக்கிரி வண்டியைத் தெற்கே திருப்பினான். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "இப்பிடி இட்டுக்கினு போனா எனக்குப் பாவம் வருமா ஐயா?" என்றான்.

"பாதிதான் வரும்."

"மிச்சம்?"

"எனக்கு."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.

காசிக்குப் போகிறவன் இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்டாமல் போக முடியாது. நாங்களும் தாண்டினோம், பாகூருக்குப் போகிற வழியில் அவனுக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சாவடியில் சுங்கச் சேவகன் வண்டியை நிறுத்தினான். நம் பக்கத்துச் சாராயம் கலயத்தில்தான் அதிகம் போகிறதாம். அம்சவள்ளி மடியைத் தடியால் காட்டி, "இன்னாம்மா அது?" என்றான்.

"எங்க புள்ள" என்றாள்.

அவன் தடியைக் கீழே இறக்கினான். வண்டியைப் போகச் சொன்னான்.

டிசம்பர் 19, ஞாயிறு

இளைப்பு குறைந்திருக்கிறது. இரண்டு இரவாக அவள் படுத்துத் தூங்குகிறாள்; உட்கார்ந்து தூங்குவதில்லை. டாக்டர் சொன்னது பலிக்கிறது. நான் படித்தவற்றில் இப்படி நடந்ததே இல்லை.

காலையில் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறோம். மத்தியானம் குடிசை நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறோம். பக்கத்துக் குடிசைக் காசம்மாள் மீனை மணலில் பரப்பிக்கொண்டே எங்களைப் பார்க்கிறாள். இன்று கேட்டே விட்டாள்.

"இன்னா வேலயா வந்தீங்க, பெரியவரே?"

"கடல் பார்க்க வந்தோம்."

"பாத்தாச்சே. எப்ப போறீங்க?"

கலயத்தை அம்சவள்ளி வெளியே புன்னைமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கடலைப் பார்க்க உட்காரும்போது அதற்கு முதுகு காட்டாமல் கொஞ்சம் திரும்பி உட்காருகிறாள். எனக்கு அது கண்ணில் படாதது போல நான் இருக்கிறேன்.

டிசம்பர் 28, செவ்வாய்

இன்று விவாதம்.

என் கட்சி: கங்கை கடைசியில் எங்கே போய் விழுகிறது? இதே வங்கக்கடலில். நாம் நடுவில் இருக்கிற ஊர்களை மிச்சப்படுத்துகிறோம், அவ்வளவுதான். காலையில் ஒரு கற்பூரம் ஏற்றி இங்கேயே விட்டுவிடலாம்.

அவள்: "அப்ப காசிக்குப் போறவங்கல்லாம் பைத்தியமா?"

"அதைத்தானே நாற்பது வருஷமாகச் சொல்கிறேன்."

"எங்கிட்டதானே சொன்னீங்க. வேலம்மாகிட்ட யாரு சொல்றது?"

வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். சாப்பிடும்போது அவள் எனக்கு எதிரில் உட்காரவில்லை.

1938 ஜனவரி 1, சனி

பிரெஞ்சு வருஷப் பிறப்பு. வழக்கமாகப் பழைய கோர்ட்டுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவேன். காசியில் இருப்பவன் எப்படிப் போவது? கடலுக்குப் பிரெஞ்சில் வாழ்த்துச் சொன்னேன். காசம்மாள் வீட்டு நாய் குரைத்தது.

ஜனவரி 5, புதன்

எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரல்கள் கேட்டன. கருவாடு வாங்க யாரோ வந்திருக்கிறார்கள். கரையில் ஏற்றிவைத்திருந்த கட்டுமரத்தின் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். மணல் சுட்டது. முட்டி வலித்தது. அவர்கள் பேரம் பேசி, சிரித்து, வெற்றிலை வாங்கிப் போட்டு, மெதுவாகப் போனார்கள். எட்டிப் பார்த்தால் திருவாண்டார்கோயில் பக்கத்து ஆட்கள். என்னைத் தெரியவே தெரியாதவர்கள்.

போன பிறகும் எழுந்திருக்கவில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்? யாரும் தேடவில்லை.

ஜனவரி 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரிடம் சொல்ல.

விடிந்ததும் அம்சவள்ளி காசம்மாளோடு தண்ணீர் எடுக்கப் போனாள். நான் கலயத்தை அவிழ்த்தேன். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம், முடிந்த பிறகு நான்கு நாள் அழுவாள், அப்புறம் மாசி வரை நிம்மதி — இப்படித்தான் கணக்குப் போட்டேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு துணியை அவிழ்க்கப் போனேன்.

கனமே இல்ல. கலயத்துல கனமே இல்ல. இவ்ளோதானா அவன்? எங்க வூட்டு நெலையில குனிஞ்சுதான் உள்ள வருவான். நான் இன்னா சொன்னாலும் சிரிப்பான் — நான் சொல்றதுக்கு அந்த ஊர்ல சிரிச்ச ஒரே ஆளு அவன்தானே. இவ்ளோதானா?

பின்னால் அவள் குரல். "போடுங்க."

திரும்பினேன். குடம் இடுப்பில் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை; கோபம் இருந்தால் எனக்குப் பழக்கம்.

"போடுங்க. போட்டுட்டு வேலம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, கங்கையில போட்டேன்னு. அவ மூஞ்சியப் பாத்து."

கரைக்கு வந்து கட்டித் தொங்கவிட்டேன். என் முடிச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஜனவரி 10, திங்கள்

பேசவில்லை.

ஜனவரி 11, செவ்வாய்

பேசவில்லை. காசம்மாளோடு நிறையப் பேசுகிறாள். சிரிக்கிறாள்கூட. காற்றில் வார்த்தை எனக்கு எட்டுவதில்லை.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். புதுப்பானையில் பொங்கியது. பாகூர் ஏரிப் பாய்ச்சலில் விளைந்த அரிசி, நல்ல அரிசி. இலை போட்டாள், வைத்தாள், போய்விட்டாள். புன்னைமரத்தடியிலும் ஓர் இலை போட்டிருந்தாள். காக்கைகள் அங்கே போயின.

ஜனவரி 17, திங்கள்

பக்கிரி அரிசி மூட்டையோடு வந்தான். ஊர்ச் செய்தி என்ன என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வேலம்மா அத்ததான், பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ள அடிச்சுது. போன வருசம் அடிக்கல இல்ல. எம் புள்ள இந்நேரம் கங்கை சேந்துட்டு இருப்பான், இனிமே வூட்டுல வெளக்கேத்தலாம்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குது."

அம்சவள்ளி அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். உள்ளே போய்த் தன் புடவைகளை மட்டும் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தாள். கலயத்தை அவிழ்த்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாசி வரை இருக்கச் சொன்னார் டாக்டர். அங்கே பனி" என்றேன்.

"தெரியும்."

"ஊரில் என்ன சொல்வாய்?"

"நடந்தத."

"என் மானம்?"

இவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீங்களும் வாங்க" என்றாள்.

நான் வரவில்லை. வண்டி சவுக்குத் தோப்பைத் தாண்டும் வரை அவள் முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

ஜனவரி 18, செவ்வாய்

கடல் பார்த்தேன்.

ஜனவரி 22, சனி

அம்சவள்ளியை இங்கே அழைத்து வந்தது அவள் நெஞ்சுக்காகவா, நாவலில் வருகிற மாதிரி நானும் ஒரு குளிர்காலம் கடலோரம் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளவா? யாரிடம் சொல்லிக்கொள்ள?

காசம்மாள் ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "ஆயா போனதுலேந்து அடுப்புல பொகையே காணோமே. உங்களுக்கு ஆக்கத் தெரியாதா?" தெரியாது என்றேன். "அப்ப கோச்சிக்கினு போறதுக்கு முன்னாடி அத யோசிக்கறதில்ல?" என்றாள். கோபித்துக்கொண்டு போனது நானல்ல என்று விளக்க முயன்றேன். அவளுக்கு வேலை இருந்தது.

ஜனவரி 30, ஞாயிறு

போன வாரம் வராத பக்கிரி இன்று வந்தான். வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

"அம்மா கோயிலு வாசல்ல நின்னு சொன்னாங்க ஐயா. நாங்க காசிக்குப் போவல, நரம்பையில காத்து வாங்கிக்கினு இருந்தோம்னு."

"யார் என்ன சொன்னார்கள்?"

"சின்னப்பிள்ளை, எனக்கு அப்பவே தெரியும்னாரு."

"வேலம்மாள்?"

"ஒண்ணும் சொல்லல. கலயத்த வாங்கிக்கினு வூட்டுக்குப் போய்ட்டுது. நாலு நாளு கதவத் தொறக்கல. அஞ்சா நாளு அம்மாவே போயி, வா, நாம ரெண்டு பேரும் நெசமாவே போலாம்னு கூப்பிட்டாங்களாம். திருபுவனையிலேந்து ஒரு கூட்டம் காசிக்குக் கெளம்புது. அதோட போறாங்க, வர வெள்ளிக்கெழமை."

பிறகு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நீங்க வருவீங்களான்னு கேட்டாங்க" என்றான்.

"யார் கேட்டது?"

"அம்மாதான்."

"நீ என்ன சொன்னாய்?"

"தெரியலன்னேன்."

பிப்ரவரி 2, புதன்

வீடு. பகலிலேயே வந்தேன், தெரு வழியாகவே. சின்னப்பிள்ளை வாசலில் நின்று, "வாங்க மாமா, கங்கையில தண்ணி எம்மாத்தம்?" என்றார். அவருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது, நின்று கேட்டுக்கொண்டேன். அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. உள்ளே போய்விட்டார்.

அம்சவள்ளி இருமிக்கொண்டிருந்தாள். மோர் கொடுத்தாள்.

மாலையில் வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். வெள்ளையடித்த சுவர். வழி நெடுக ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், நல்ல வாக்கியம். அவள் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, அங்க எங்க தொங்க உட்டிருந்தீங்க?"

"புன்னைமரத்தில். குடிசைக்கு வெளியே."

"பக்கத்துல ஆளு இருந்துதா?"

"நாங்கள் இருந்தோம். அம்சவள்ளி எந்நேரமும்."

"அது போதும்ணே. இங்க மாட்டுக்கொட்டாயில தனியாதானே கெடந்தான்."

என் வாக்கியத்தை நான் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 4, வெள்ளி

வில்லியனூர் ஸ்டேஷன். மேளம் இல்லை, மாலை இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு மூட்டைகள், வேலம்மாள் மடியில் கலயம். திருபுவனைக்காரர்கள் அடுத்த பெட்டியில் பஜனை தொடங்கிவிட்டார்கள்.

நெஞ்சுக்குக் கம்பளி எடுத்துக்கொண்டாயா என்றேன். எடுத்துக்கொண்டாள். வண்டி ஊதும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். முன்னால் யோசித்ததில்லை. டிக்கட்கூடக் கையில் இல்லை.

"நீங்கதான் போய்ட்டு வந்துட்டீங்களே" என்றாள்.

வேலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 14, திங்கள்

மாசிமகம். சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. சாமிகளோடு ஊரும் போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் கடலோரம் போனால் சாமியை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தெருவில் நானும் ஒரு கன்றுக்குட்டியும் மட்டும். அதற்குத் தண்ணீர் வைத்தேன்.

பிப்ரவரி 21, திங்கள்

சோறு அடிப்பிடித்தது. உப்பும் மறந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து உரக்க ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று. இருக்கிறது.

பிப்ரவரி 27, ஞாயிறு

வடக்கே குளிர் எப்படியோ. அவளுக்கு இந்நேரம் இருமல் வந்திருக்குமா? இரவில் உட்கார்ந்து தூங்குகிறாளா? வந்தால் யாரு முதுகு தேச்சு வுடுவாங்க? வேலம்மா செய்வா. செய்வா இல்ல?

மார்ச் 8, செவ்வாய்

வந்துவிட்டார்கள். இளைத்திருக்கிறாள், ஆனால் இருமல் இல்லை. எல்லா வீடுகளுக்கும் கங்கைச் சொம்பு, கயிறு. சின்னப்பிள்ளை வீட்டுக்கு முதலில். எனக்கும் ஒரு சொம்பு, ஊராருக்குக் கொடுத்த மாதிரியே.

வேலம்மாள் வாசலோடு நின்று, "உட்டுட்டோம்ணே. தண்ணி சில்லுனு இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 9, புதன்

காசிக்குப் போனவர்கள் தங்களுக்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது. பெரும்பாலோர் பாகற்காயை விடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நீ எதை விட்டாய் என்று கேட்டேன்.

"கத்திரிக்கா."

நாற்பது வருஷமாக வாரத்தில் மூன்று நாள் இந்த வீட்டில் கத்தரிக்காய். எனக்குப் பிடிக்கும் என்று ஆக்குகிறாள் என்றுதான் நான் இருந்தேன். அவள் மனம் நோகக் கூடாதே என்று இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டும் வந்தேன்.

"உனக்கா அது பிடிக்கும்?"

"பின்ன? உங்களுக்கு இன்னா புடிக்கும்னு நீங்க எப்ப வாயத் தொறந்து சொன்னீங்க?" கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு ஆக்கிப் போடறேன். நான்தான் திங்கக் கூடாது" என்றாள்.

மார்ச் 12, சனி

காலையில் வில்லியனூர்க் கடைத்தெருவுக்குப் போனேன். கத்தரிக்காய் பிஞ்சாக, மினுமினுவென்று குவிந்து கிடந்தது. காய்காரி வழக்கம்போல என் பையை வாங்கி நிரப்பப் போனாள். வேண்டாம் என்றேன். "வூட்டுல சண்டையா?" என்றாள். இல்லை என்றேன்.

முருங்கைக்காய் வாங்கி வந்தேன். அம்சவள்ளி பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நறுக்கி முடிக்கும் வரை நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.